கீழே கேட்கும் கத்தரி

"அதோ போறாரே நீலச் சட்டை, அவரு பிடரியப் பாரு. முடிய ஒரே சீரா வெட்டாம படி விட்டிருக்கான்."

சொல்லிவிட்டு, மடியிலிருந்த பிளாஸ்டிக் கூடைக்குள் கையை விட்டு ஒரு துணிக் கிளிப்பை எடுத்தார் சலூன்காரர். ஜன்னல் கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிளிப்பை அழுத்தி, அதன் வாயைத் திறந்து, கயிற்றைக் கவ்வ வைக்க வேண்டும். விரலுக்கு அது பயிற்சி; காலையில் இருபது, மாலையில் இருபது. கிளிப்பின் வாய் பாதி திறந்து, நடுங்கி, மூடிக்கொண்டது. "சனியன்," என்றார். மறுபடி அழுத்தினார். இந்த முறை கவ்வியது. "பதினொண்ணு. அடுத்து வர்றான் பாரு ஒரு காலேஜ் பையன், காதுக்கு மேல என்ன அது? கழுதை மேஞ்சாக்கூட இதைவிட ஒழுங்கா மேயும்."

தெருவில் போகிறவர்களின் முகம் அவருக்குத் தேவையில்லை. முதல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் உச்சந்தலையும் பிடரியும்தான் நன்றாகத் தெரியும். அது போதும், ஆள் யார், எந்தக் கடையில் வெட்டினார், எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லாம் சொல்லிவிடுவார். அவருக்குத் தூரப் பார்வைக் கண்ணாடி போட்டுக்கொடுத்தவன் நான். பக்கத்துக் கட்டடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதனால் என்னைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கண்ணாடியை அவ்வளவு துல்லியமாகப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பே ஒல்லி, இப்போது சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கீழே சலூன், மேலே வீடு. காலையில் எட்டரைக்குப் பதினேழு படி இறங்குவார், மத்தியானம் ஏறிச் சாப்பிடுவார், மறுபடி இறங்குவார். அதிகம் பேசாத மனிதர். நாற்காலியில் உட்கார்ந்த ஆள் எதையாவது பேச ஆரம்பித்தால், இரண்டு விரலால் தலையைப் பிடித்து நேராக வைத்துவிடுவார். பேச்சு அத்தோடு நிற்கும். அவர் நோயில் விழுந்து எழுந்த பிறகு, ஆயுளுக்கும் அடக்கி வைத்திருந்த பேச்சு மொத்தமும் வெளியே வருகிறது.

போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றார். மறுநாள் செருப்பு காலில் நிற்கவில்லை. நான்காம் நாள் கத்தரி கையிலிருந்து நழுவி ஒரு வாடிக்கையாளரின் மடியில் விழுந்தது. ஆறாம் நாள் மருத்துவமனையில் மூச்சு விடுவதற்கே இயந்திரம் வைத்தார்கள். இருபத்து மூன்று நாள் இயந்திரம்தான் மூச்சு விட்டது. அவர் கண்ணை மட்டும் திறந்து மூடினார். உடம்பு தன் நரம்பைத் தானே தின்றுவிட்ட நோய் என்று டாக்டர் விளக்கினார். பயப்பட வேண்டாம், நரம்பு திரும்ப வளரும், ஆனால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்.

நான்கு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேர் சேர்ந்து அவரை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். சில மாதம் சென்றபின், பேச ஆரம்பித்த பிறகு, மனைவியிடம் தையல் டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். கழுத்தெலும்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளக்கச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தார். என்னிடம் சொன்னார்: "முடி மாசத்துக்கு அரை அங்குலம் வளரும், கண்ணாடி. நரம்பு ஒரு அங்குலத்துக்கு மேல வளருதாம். முடியை விட வேகந்தான். என்ன, முடி வளர்றது கண்ணுக்குத் தெரியும்."

சோதனையாக, இரண்டும் அவர் உடம்பில் சேர்ந்தே வளர்ந்தன. மருத்துவமனையில் ஒட்ட வெட்டிவிட்ட தலைமுடி ஒன்பது மாதத்தில் காதைத் தாண்டி, கழுத்தில் இறங்கிவிட்டது. மகளின் ரப்பர் பேண்டைப் போட்டு மனைவி அதைப் பின்னால் முடிந்து விட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் வெட்டியவர் கொண்டையோடு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். "கீழதானே கடை, பத்து நிமிஷத்துல வெட்டிட்டு வந்துடலாமே," என்று கேட்காதவர் கிடையாது. மச்சினன் சீப்பும் கத்தரியுமாக இரண்டு முறை மாடிக்கே வந்தான். "குளிருது, கழுத்துக்கு இதமா இருக்கு," என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இந்த மச்சினன்தான் விஷயமே. மனைவியின் தம்பி. முப்பத்து நான்கு வயது, சுருட்டை முடி, எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிற வாய். வேறு ஊரில், ஏழு நாற்காலி போட்ட பெரிய கடையில் வேலையில் இருந்தவன். ஆறு மாதமாகச் சாத்திக் கிடந்த கடையின் ஷட்டரைத் தூக்குவதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். வந்த மூன்றாம் வாரம் கடைக்குள் ஆள் நிற்க இடமில்லை.

சலூனின் மேல் ஜன்னலும் சலூன்காரர் உட்காரும் ஜன்னலும் ஒரே சுவரில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே தும்மினால் மேலே கேட்கும். அவர் தன் நாற்காலியை அந்தச் சத்தம் நேராக ஏறி வரும் இடத்தில் போட்டுக்கொண்டார். பயிற்சி சொல்லித்தர வாரத்துக்கு மூன்று முறை வரும் பிசியோ அம்மா, வெளிச்சத்துக்காக நாற்காலியை அந்தப் பக்கம் தள்ளி வைப்பார். அவர் தலை மறைந்ததும், "இழு இழு, பழைய இடத்துக்கு இழு," என்பார் இவர்.

கீழே கத்தரி பேசும். இவர் மேலே மொழிபெயர்ப்பார்.

"கேட்டியா? ரெண்டு தடவை காத்துல வெட்டுறான், ஒரு தடவை முடியில வெட்டுறான். வேலை செய்யுற மாதிரி சத்தம் காட்டுறது."

"மெஷினை எடுத்துட்டான். அந்தத் தலைக்கு மெஷின் ஆகாது. ரெட்டைச் சுழி. அது இவனுக்கு எப்படித் தெரியும்?"

கீழே ஒரு பெரும் சிரிப்பு எழும். நாலைந்து பேர் சேர்ந்து சிரிப்பது கேட்கும். இவர் முகம் சுருங்கும். "வெட்டும்போது சிரிக்க வைக்கக் கூடாது, கண்ணாடி. தலை ஆடும்."

மத்தியானம் மூன்றரைக்கு மனைவி தேநீர் எடுத்துக்கொண்டு தம்பிக்காகக் கீழே போவாள். பெரிய காது வைத்த எவர்சில்வர் குவளை. அது சலூன்காரரின் குவளை. இப்போதைக்கு அவரால் அதைப் பிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் பிடி வைத்த பிளாஸ்டிக் கோப்பையில் அவருக்குத் தருகிறாள். "அது கனம்னு நீங்கதானே ஒதுக்கி வெச்சீங்க?" என்றாள் அவள். "ஒதுக்கி வெச்சேன். தானம் பண்ணல," என்றார். "உங்களுக்குக் கால் தேறுதோ இல்லையோ, நாக்கு நல்லாத் தேறிடுச்சு," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். கீழேயிருந்து, "அக்கா, உன் கை டீ இருக்கே!" என்ற குரல் ஏறி வந்தது. இவர் தன் கோப்பையை முழுசும் குடிக்கவில்லை.

அவருடைய பொறாமை மச்சினனோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் எதிர்க் கட்டிலில் கிடந்தவர், அதே நோய், ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தவர், இப்போது வேலைக்குப் போகிறாராம். அதைத் தொலைபேசியில் அவரே சந்தோஷமாகச் சொன்னார். "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது," என்று நாலு தடவை சொன்னார் இவர். வைத்த பிறகு, "அவருக்கு லேசா வந்திருக்கும்," என்றார். படிக்கட்டுச் சுவரில் ஓடி இறங்குகிற பூனையைக்கூட இவர் நல்ல கண்ணால் பார்ப்பதில்லை.

நான் ஒருநாள் படியிறங்கும்போது அவர் மனைவியிடம் சொன்னேன், "அண்ணனுக்கு உங்க தம்பி மேல இவ்வளவு ஆத்திரம் இருக்கக் கூடாது, அவன் என்ன பாவம் பண்ணினான்," என்று. அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தினாள்.

"வீட்டுக்கு வந்த புதுசுல நீங்க பார்த்தீங்கல்ல? ரெண்டு மாசம் சுவத்தைப் பார்த்துட்டே கிடந்தாரு. பசிக்குதான்னு கேட்டா, ம். போதுமான்னு கேட்டா, ம். அவ்வளவுதான். தம்பி கடையத் திறந்த அன்னிக்குக் கீழ கத்தரி ஓடுச்சு. இவரு தலையைத் திருப்பி, 'சத்தம் சரியில்ல' அப்படின்னாரு. ரெண்டு மாசத்துல அதுதான் முழு வாக்கியம். நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் தன்னை ஜன்னல்கிட்ட உட்கார வைன்னாரு. திட்டட்டும் விடுங்க. தம்பிக்கும் தெரியும்."

இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக அவரைத் தவிர யாருக்கும் தலையைக் கொடுக்காதவன் நான். அவர் விழுந்த பிறகு, கடை பூட்டியிருந்த ஆறு மாதமும் எங்கெங்கோ வெட்டிக்கொண்டேன். மச்சினன் வந்த பிறகு அவனிடமே உட்கார ஆரம்பித்தேன். வெட்டிக்கொண்ட அன்று மாடிக்குப் போகமாட்டேன். இரண்டு நாள் கழித்து, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போவேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். பேசிக்கொண்டே இருக்கும்போது பார்வை மட்டும் என் காதோரம் வந்து கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும். வீட்டில் திருட்டுப்பால் குடித்த பூனை மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன்.

உண்மையான அடி விழுந்தது ஒரு சனிக்கிழமை.

அவருடைய ஒரே மகளுக்கு ஒன்பது வயது. தாமதமாகப் பிறந்தவள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு ஆள் வருவதற்கு முன்னால், அவளை நாற்காலியில் ஒரு பலகை போட்டு உட்கார வைத்து நெற்றி முடியை வெட்டிவிடுவார். அதற்கென்று தனிக் கத்தரி வைத்திருந்தார். அவர் படுத்த பிறகு அவள் முடி கண்ணை மறைத்தது. அம்மா கிளிப் போட்டுத் தூக்கிவிட்டாள். யாரும் அதை வெட்டச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் படியில் தடதடவென்று ஓடி வந்தாள். தோள் வரைக்கும் வெட்டிய முடி, நெற்றியில் நேர்கோடு. மூச்சு வாங்கியபடி நின்று, "அப்பா, மாமா வெட்டினாரு! திரும்பிக் காட்டட்டா?" என்றாள். திரும்பிக் காட்டினாள். தலையை ஆட்டிக் காட்டினாள். முடி சுற்றி வந்து சொன்ன இடத்தில் நின்றது.

அவர் பார்த்தார். படி இருக்கிறதா, கோணல் இருக்கிறதா, ஒரு பக்கம் கூடுதலா என்று அவர் கண் ஓடியது எனக்குத் தெரிந்தது.

"நல்லாருக்குடா," என்றார்.

அவள் அம்மாவிடம் காட்ட உள்ளே ஓடினாள். நான் காத்திருந்தேன். ஒரு குறையும் சொல்லவில்லை அவர். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கிளிப் கூடையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"கண்ணாடி, கதவைச் சாத்து. அந்த அலமாரியில ரெண்டாவது தட்டுல ஒரு தோல் பை இருக்கும். எடு."

பையில் அவருடைய ஆறரை அங்குலக் கத்தரி இருந்தது. ஒரு வருஷமாக எடுக்காமலும் பளபளவென்று இருந்தது. மனைவி துடைத்து வைத்திருக்க வேண்டும்.

"முன்னாடி அந்த ஸ்டூலைப் போட்டு உட்காரு. முதுகு என் பக்கம்."

"அண்ணே, பிசியோ அம்மா கத்தரி எடுக்கச் சொன்னாங்களா?"

"உன் தலையை இத்தனை நாள் எவன் எவன்கிட்டயோ குடுத்த. நான் கேட்டேனா? உட்காரு."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு கேட்டது. கட்டைவிரலை வளையத்துக்குள் நுழைக்கவே நேரம் ஆயிற்று. "மூடுறதுக்கு வந்துடுச்சு, கண்ணாடி. திறக்குறதுக்குத்தான் இன்னும் வரல," என்றார், ஒரு பழைய பூட்டைப் பற்றிச் சொல்வது போல. இடது கையால் கத்தரியின் வாயைத் திறந்து கொடுத்தார், வலது கையால் மூடினார். பிடரியில் 'சரக்' என்றது. ஒரு பிடி முடி தோளில் விழுந்தது. மறுபடி திறந்தார், மூடினார். இரண்டு. மூன்றாவது முறை இடது கையின் உதவி இல்லாமலே திறந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் தொண்டையில் ஒரு சின்ன சத்தம் வந்தது.

நான்காவது வெட்டில் கை மொத்தமாகத் தளர்ந்து போயிற்று. கத்தரி என் பிடரியில் சாய்ந்து, எதை வெட்டியதோ வெட்டிக்கொண்டு, தரையில் 'டங்' என்று விழுந்தது.

கீழே கத்தரிச் சத்தம் நின்றது. ஐந்து விநாடி இருக்கும். பிறகு மறுபடி தொடங்கியது.

"எவ்வளவு போச்சு?" என்றார்.

தடவிப் பார்த்தேன். "கொஞ்சந்தாண்ணே."

"பொய் சொல்லாத. ரெண்டு விரல் அகலம். பள்ளம்." ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. "கீழ போ. அவன்கிட்டயே காட்டு. நான் வெட்டினேன்னு மட்டும் சொல்லாத."

"வேற யார் வெட்டினாங்கன்னு சொல்ல?"

"பூனை கடிச்சுதுன்னு சொல்லு."

கீழே மச்சினன் என்னை உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, பிடரியைப் பார்த்தான். முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தண்ணீர் தெளித்தான், சீப்பால் முடியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான். பிறகு குனிந்து என் காதருகே மெதுவாகக் கேட்டான்.

"கத்தரி விழுந்த சத்தம் கேட்டுச்சுண்ணே. மச்சான் கை பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"எத்தனை வெட்டு?"

"மூணு சுத்தமா வந்துச்சு. நாலாவதுதான் இது."

"மூணா?" என்றான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் தேறியவர்கள் பட்டியலில் தன் பெயர் வந்துவிட்டது போல வாயெல்லாம் பல். "மூணு! அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவரே சொல்லிக்கட்டும்." அன்று முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டான்.

மாடிக்குத் திரும்பிப் போனேன். சலூன்காரர் என்னைத் திருப்பி நிற்க வைத்து, ஒரு விரலால் பிடரியை மெல்லத் தடவினார். எங்கே வெட்டுப்பட்டது என்று தேடினார். விரல் இரண்டு முறை போய் வந்தது.

"இடம் தெரியல," என்றார். "என்ன சொன்னான்? சிரிச்சிருப்பானே?"

"சிரிச்சான்."

"தெரியும்."

"மூணு வெட்டு சுத்தமா வந்துச்சுன்னு சொன்னேன். அதுக்குச் சிரிச்சான். அக்காகிட்டகூட சொல்லாதீங்க, அவரே சொல்லிக்கட்டும்னான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஏழெட்டுத் தலைகள் கடந்து போயின, ஒன்றையும் விமர்சிக்கவில்லை. பிறகு, "கெட்டவனாவாவது இருந்து தொலைஞ்சிருக்கலாம், கண்ணாடி," என்றார். "நிம்மதியா திட்டிட்டுக் கிடந்திருப்பேன்."

அடுத்த முறை பிசியோ அம்மா வந்ததும் படி இறங்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். "என்ன அவசரம்? முதல்ல வீட்டுக்குள்ள கைத்தடி இல்லாம நடங்க," என்றார் அந்த அம்மா. "கீழ ஒரு ஆளைப் பார்க்கணும்," என்றார் இவர். முதல் வாரம் மூன்று படி. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி மனைவி பிடித்துக்கொள்ள, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒவ்வொரு காலாக இறக்கினார். மூன்று படி இறங்கி, நான்கு நிமிஷம் உட்கார்ந்து, மூன்று படி ஏறினார். இரண்டாம் வாரம் ஆறு. நடுவில் ஒருநாள் முழங்கால் மடங்கி விழப் பார்த்து, பத்து நாள் படிப் பக்கமே போகவில்லை. பிறகு மறுபடி மூன்றிலிருந்து தொடங்கினார். பதினேழாவது படியில் கால் வைத்து அப்படியே திரும்பி ஏறிய நாளில், "கடைக்குள்ள எட்டிப் பார்க்கறதுதானே?" என்றேன். "நான் இறங்குறது அவனுக்குக் கேட்டிருக்கும், எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருப்பான். சொல்லாமப் போகணும்," என்றார்.

போன புதன்கிழமை அந்த நாள் வந்தது. மனைவி மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், டீச்சரைப் பார்க்க. பதினொரு மணிக்கு என் கடைக்குத் தொலைபேசி. "வா. சத்தம் போடாம வா."

இறங்க இருபது நிமிஷம் பிடித்தது. ஒரு கை சுவரில், ஒரு கை என் தோளில், கைத்தடி என் கக்கத்தில். கொண்டை ஆடியது. கடை வாசலில் நின்று மூச்சைச் சரி செய்துகொண்டு, ரெய்டு வந்த அதிகாரியைப் போல நுழைந்தார்.

மச்சினன் ஒரு பெரியவருக்கு மீசை திருத்திக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் இவரைப் பார்த்ததும் கதை பாதியில் நின்றது. மீசை ஒரு பக்கம் சிறுத்து, ஒரு பக்கம் பெருத்து இருக்க, பெரியவரும் திரும்பிப் பார்த்தார். இவர் அலமாரியைப் பார்த்தார். சீப்புகள் மூழ்கியிருந்த ஜாடியைப் பார்த்தார்.

"தண்ணி எப்ப மாத்தின?"

"காலைல, மச்சான்."

"ம்." தரையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். என்னிடமிருந்து கைத்தடியை வாங்கி, அதன் நுனியால் நாற்காலியின் கீழே கிளறிப் பார்த்தார். ஒரு முடி இல்லை. எதுவும் அகப்படாத கோபத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பெரியவரின் மீசை முடியும்வரை கண் கொட்டாமல் பார்த்தார். பெரியவர் எழுந்து, "உங்க மச்சினன் கை இருக்கே..." என்று தொடங்கினார். "தெரியும், தெரியும். மேல கேக்குது," என்றார் இவர்.

பெரியவர் போனதும் எழுந்தார். என் தோளைப் பிடித்து நடந்து, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவர். ரப்பர் பேண்டை இழுத்துக் கழற்றினார்.

"வெட்டு. பார்க்கலாம்."

மச்சினன் துணியைப் போர்த்தும்போதே முடிச்சு இரண்டு தடவை நழுவியது. சீப்பை வைத்தான், எடுத்தான். கத்தரியைக் காதருகே கொண்டு போனான். கத்தரியின் நுனி காற்றில் தடதடத்தது.

"கை ஏன் நடுங்குது? வியாதி எனக்குத்தானே?"

நான் சிரித்துவிட்டேன். மச்சினனும் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு கத்தரி ஓட ஆரம்பித்தது.

ஓயாமல் உத்தரவு போட்டார். "தண்ணி கம்மி. உச்சியில சுழி இடப்பக்கம் போகும், பார்த்து. கிருதாவை இறக்காத." மச்சினன் ஒவ்வொன்றுக்கும் "சரி மச்சான்" என்றான். முடி கொத்துக் கொத்தாகத் துணியில் வழிந்தது, கறுப்பை விட வெளுப்பு அதிகம். பாதி தலை ஆனபோது உத்தரவுகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. பிடரிக்கு வந்தபோது நின்றே போனது. அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை; மச்சினனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த விரல் எங்கே அழுத்துகிறது, கட்டைவிரல் எப்படித் திறக்கிறது என்று. பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்க்கிற பார்வை அது. போர்வைத் துணிக்குள் அவருடைய வலது கை மெல்ல அசைவது வெளியே தெரிந்தது.

முடிந்தது. மச்சினன் கழுத்தைத் துடைத்து, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினான். இவர் தலையை வலமும் இடமும் திருப்பினார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"இடது காதுக்குப் பின்னாடி. ஒரு இழை."

மச்சினன் குனிந்து தேடினான். இருந்தது. ஒரே ஒரு இழை. வெட்டினான்.

"ம்," என்றார் சலூன்காரர். "தூக்கி விடு."

ஏற இன்னும் அதிக நேரம் ஆயிற்று. அவரை மேலே சேர்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்க நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவர் கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடி முன்னால், இடுப்பைத் தொட்டியில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காதோரத்தைப் பார்த்தார், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார், தாடையைத் தூக்கிப் பார்த்தார். நோய்க்கு முன்னால் இருந்த ஆள், கொஞ்சம் மெலிந்து, அந்தக் கண்ணாடிக்குள் திரும்பி வந்திருந்தான். அவர் உதட்டோரம் லேசாக மேலே போயிற்று.

படியில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே மகளின் பேச்சும்.

சலூன்காரர் சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கினார். பத்து விரலையும் தலைக்குள் விட்டு, பரபரவென்று முடியைக் கலைத்துக் கோணல்மாணலாக நிறுத்திவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பினார்.